கிளம்ப மறுத்த மோட்டார்

மோட்டார் வண்டி ஓடியதைப் பற்றி எழுதியோர் பலர். அது ஓடாமல் நின்றதைப் பற்றி எழுதியோர் சிலரே. ஆயினும் அதன் சரித்திரத்தை அறிய விரும்புவோர், அது நின்றுபோன இடங்களிலும் சற்றுத் தேடிப் பார்க்க வேண்டும் என்பது நமது எண்ணம். இந்த எண்ணம் நூலகத்தில் தோன்றியதன்று. தை மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தென்டில்லிக் குடியிருப்பொன்றின் வாசலில், பனிமூட்டத்தினிடையே கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றபோது தோன்றியது.

நமது நண்பர் ஒருவர், மத்திய சர்க்கார் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தந்தையார் 1973-ஆம் ஆண்டில், இருந்த சேமிப்பையெல்லாம் திரட்டி, 1964-இல் செய்யப்பட்ட அம்பாசடர் ஒன்றை வாங்கினார். ஒரு கோடை விடுமுறையில் குடும்பத்தோடு டில்லியிலிருந்து கும்பகோணம் வரை அந்த வண்டியிலேயே சென்று திரும்பியதை, அக்குடியிருப்பில் உள்ள பழைய தமிழ்க் குடும்பங்கள் இன்றும் சொல்லக் கேட்கலாம். தந்தையார் மறைந்தபின் வண்டி பல்லாண்டுகள் தார்ப்பாயின் கீழ் முடங்கிக் கிடந்தது. நண்பர் தம் ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியைச் செலவிட்டு, ஒரு பட்டறையில் அதைப் புதுப்பித்தார். பழைய வண்ணம் சுரண்டி எடுக்கப்பட்டது, தகடுகள் செப்பனிடப்பட்டன, இயந்திரம் பிரித்துச் சேர்க்கப்பட்டது. பட்டறையிலிருந்து வீடு வந்து சேர்ந்த அன்று அது நன்றாகவே ஓடிற்று. பிறகு எட்டு மாதம் வாசலில் நின்றது.

அன்று நகரில் பழைய வண்டிகளின் அணிவகுப்பு. எண்பத்தைந்து வயதான அன்னையார் சால்வையைப் போர்த்துக்கொண்டு முன்னிருக்கையில் ஏறி அமர்ந்துவிட்டார். நண்பர் ஸ்டார்ட்டரை இயக்கினார். ‘டக்’ என்று ஓர் ஒலி, ஏதோ ஒன்று ஒருமுறை முனகியது, பிறகு நிசப்தம்.

"முதல்லே லைட்டைப் போட்டுப் பாருடா. உங்கப்பா அதைத்தான் பண்ணுவார்" என்றார் அன்னையார்.

விளக்கைப் போட்டோம். நன்றாக ஒளிர்ந்தது. ஸ்டார்ட்டரை இயக்கியபோதும் அவ்வொளி சிறிதும் மங்கவில்லை. ஆகவே பாட்டரியில் குறையில்லை என்று மகிழ்ந்தோம். அதற்கு மேல் அந்த விளக்கு நமக்கு என்ன சொல்லிற்று என்பதை அறியோம். பின்னறையிலிருந்து தந்தையார் காலத்துக் கைப்பிடியை எடுத்து, முன்புறத் துளையில் செருகி, நண்பர் இருபது முறை சுழற்றினார். இயந்திரம் சுழன்றதே தவிர, ஒரு செருமல்கூட எழவில்லை. கரோல்பாகிலுள்ள முதிய மெக்கானிக் ஒருவருக்குச் செய்தி போயிற்று. அவர் வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். அந்த நேரத்தில் கைப்பிடியின் வரலாற்றை நேயர்களுக்குச் சொல்லிவிடலாம்.

மோட்டார் வண்டியைச் செலுத்துவதைவிட அதைக் கிளப்புவதே அரிய கலையாக இருந்த காலம் ஒன்று உண்டு. நீராவி இயந்திரம், கொதிகலத்தில் அழுத்தம் ஏறியதும் தானே தள்ளத் தொடங்கும். பெட்ரோல் இயந்திரமோ தானாகத் தொடங்காது. யாரேனும் அதை முதலில் சுழற்ற வேண்டும். அச்சுழற்சியில் அது காற்றையும் பெட்ரோல் ஆவியையும் உள்ளிழுத்து, அழுத்தி, சரியான தருணத்தில் பொறியைப் பெற வேண்டும். முதல் வெடி வெடித்தபின்பே அதற்குச் சொந்தக் கால். கார்ல் பென்ஸ் 1886-இல் உரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் கைப்பிடிகூட இல்லை. பின்புறத்தில் படுக்கைவாட்டில் இருந்த பெரிய சக்கரத்தைக் கையால் பற்றிச் சுழற்றியே அதைக் கிளப்பினர்.

அவருடைய மனைவி பெர்த்தா 1888 ஆகஸ்டில், கணவருக்குச் சொல்லாமல், மக்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைம் நகரிலிருந்து தம் தாய் வீடான ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அவ்வண்டியில் புறப்பட்டார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். நெடுந்தொலைவு மோட்டார்ப் பயணங்களில் இதையே முதலாவதாகச் சொல்வர். நமது நோக்கில் அதைவிடச் சிறந்தது வேறொன்று: வழியில் நின்ற வண்டியைச் செப்பனிட்டதிலும் அவரே முன்னோடி. எரிபொருட் குழாயில் அடைப்பு ஏற்பட்டபோது தொப்பியில் குத்தும் நீண்ட ஊசியால் அதை நீக்கினார். மின்கம்பியின் உறை தேய்ந்து பொறி வீணானபோது காலுறைப் பட்டியைச் சுற்றி அதைக் காத்தார். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடையில் லிக்ராயின் என்னும் கரைப்பானை வாங்கி ஊற்றினார். அடைப்பு, பொறி, எரிபொருள் என்ற மூன்றும் அந்த ஒரே பயணத்தில் வந்துவிட்டன. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், கிளம்பாத வண்டியைத் திறந்து பார்ப்பவர் தேடுவது பெரும்பாலும் இவற்றைத்தான்.

பொறியை உண்டாக்குவது நீண்டநாள் பிரச்சினையாக இருந்தது. டைம்லரின் வண்டிகளில் மின்பொறியே இல்லை. சிறு சுடரால் பழுக்கக் காய்ச்சிய குழாயொன்று கலவையைக் கொளுத்திற்று. காலையில் வண்டி கிளம்புவதற்கு முன் அக்குழாயைச் சூடேற்ற வேண்டும். நீராவி வண்டிகளிலும் முதல் வேலை நெருப்பு மூட்டுவதே. வண்டியோட்டிக்குப் பிரெஞ்சு மொழியில் வழங்கும் ‘ஷோஃபர்’ என்ற சொல்லுக்கு ‘சூடேற்றுபவன்’ என்பதே பொருள். சொற்களை மொழி மாற்றியே பிழைக்கும் நமக்கு, தொழில் மறைந்தபின்னும் அதன் பெயர் சட்டையை மாற்றிக்கொண்டு வாழ்வதைக் காணும்போதெல்லாம் ஒரு மகிழ்ச்சி. ஜெர்மனியில் ராபர்ட் பாஷின் பட்டறையில் 1902-இல் காட்லோப் ஹோனால்ட் உருவாக்கிய உயர் அழுத்த மாக்னெட்டோ இச்சங்கடத்தைத் தீர்த்தது. காந்தமும் கம்பிச்சுருளும் சுழன்று தாமே மின்சாரத்தை உண்டாக்கிப் பிளக்கில் பொறியைக் கொடுத்தமையால், பாட்டரியை நம்பியிருக்க வேண்டிய அவசியம் நீங்கியது.

ஆனால் சுழற்றும் வேலை மட்டும் மனிதன் தோளிலேயே இருந்தது. அது வெறும் உழைப்பாக மட்டும் இருந்திருந்தால் பாதகமில்லை. பொறி சற்று முந்தி விழுந்துவிட்டால் இயந்திரம் எதிர்த்திசையில் திரும்பி உதைக்கும். கைப்பிடி சுழற்றியவன் கையை முறிக்கும். இதனாலேயே அக்காலத்து ஓட்டிகள், கிளப்புவதற்கு முன் பொறியின் நேரத்தைப் பின்தள்ளும் நெம்புகோலை நினைவாக நகர்த்துவர். கட்டைவிரலைக் கைப்பிடியின் மறுபுறம் வளைக்காமல் மற்ற விரல்களோடு சேர்த்தே வைத்துக்கொள்வர். கீழிருந்து மேலாக இழுப்பார்களேயன்றி, மேலிருந்து கீழே அழுத்த மாட்டார்கள். மணிக்கட்டின் அருகே ஆர எலும்பின் நுனி முறிவதற்கு, எலும்பு வைத்தியர்கள் இன்றும் ‘ஷோஃபர் முறிவு’ என்றே பெயர் வழங்குகின்றனர்.

இத்தொல்லையை ஒழித்தவர் சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கப் பொறியியலர். அவர் டேட்டன் நகரில் கடைகளுக்கான பணப்பதிவு இயந்திரம் செய்யும் தொழிற்சாலையில் பணியாற்றியவர். அவ்வியந்திரத்தைக் கையால் சுற்றாமல் மின்விசையால் திறக்கச் செய்தவர். அந்த வேலையில் அவர் கற்றது ஒன்று. ஒரு சிறிய மின்மோட்டார் நாள் முழுவதும் பெரும் பாரத்தை இழுக்க வேண்டுமானால் கருகிவிடும். ஒரு சில விநாடிகள் மட்டும் இழுத்துவிட்டு ஓய்ந்துவிடுமானால் தன் இயல்பான பலத்தைவிடப் பன்மடங்கு தாங்கும். மோட்டார் வண்டியின் இயந்திரத்தைச் சுழற்ற மிகப் பெரிய மின்மோட்டார் வேண்டும், அதை வண்டியில் ஏற்ற முடியாது என்று கணக்குப் போட்டுக் கைவிட்டவர்கள், இந்தச் சில விநாடிகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. காடிலாக் நிறுவனத்தின் தலைவர் ஹென்றி லேலண்ட் ஆதரவளித்தார். கைப்பிடி உதைத்துக் காயமுற்ற ஒரு நண்பரின் மரணமே அவரை இம்முயற்சிக்குத் தூண்டியது என்று ஒரு கதையுண்டு. சரித்திர ஆசிரியர்கள் அதில் கருத்து வேறுபடுகின்றனர். 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டிகள் மின் ஸ்டார்ட்டருடனேயே வெளிவந்தன.

கெட்டரிங் தொடங்கிய நிறுவனத்தின் பெயரிலுள்ள முதலெழுத்துகளைச் சேர்த்து ‘டெல்கோ’ என்றனர். ஸ்பெயின் தேசத்து மெக்கானிக்குகள், பொறியைப் பிளக்குகளுக்குப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை ‘டெல்கோ’ என்றே அழைக்கின்றனர். நம் நாட்டிலோ ஸ்டார்ட்டருக்கு ‘செல்ப்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. ‘செல்ப் எடுக்கவில்லை’ என்று தமிழ்நாட்டில் சொல்லும் அதே குறையை டில்லியில் இந்தியிலும் அதே சொல்லால்தான் சொல்கிறார்கள். கலைச்சொல் ஆக்கும் குழு எதுவும் கூடாமலே இவ்வொற்றுமை ஏற்பட்டிருப்பது நம் போன்றோர் கவனிக்கத்தக்கது.

மின் ஸ்டார்ட்டர் வந்தவுடன் கைப்பிடி மறைந்துவிடவில்லை. ஃபோர்டின் மாடல் டி வண்டி 1908-இல் பிறந்தது. அதற்கு மின் ஸ்டார்ட்டர் கிடைத்தது 1919-இல். இந்தியாவில் கைப்பிடியின் ஆயுள் இன்னும் நீண்டது. டில்லி தேசிய ரயில் பொருட்காட்சியகத்தில், நிஜாம் ராஜ்யத்து ரயில்வேக்காக 1914-இல் இங்கிலாந்தில் ஜான் மாரிஸ் கம்பெனி செய்த தீயணைப்பு வண்டி ஒன்று உள்ளது. கெட்டித்த ரப்பர்ச் சக்கரங்களோடு அணிவகுப்புகளிலும் அது கலந்துகொண்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது, சென்னை மாகாணத்துப் பஸ்களின் முதுகில் கரி அடுப்புகளைப் பொருத்தி, அவற்றிலிருந்து வரும் வாயுவால் ஓட்டினார்கள். விடியற்காலையில் கிளீனர் பையன் அடுப்பில் கரியிட்டு, விசிறியைச் சுற்றிச் சுற்றி, வாயு தேறும் வரை காத்திருக்க வேண்டும். வண்டி கிளம்புமா என்பது பிரயாணிகள் அனைவருக்கும் பொதுவான கவலையாக இருந்தது. பின்னர் வந்த வண்டிகளில் பாட்டரி பலவீனமானால் தள்ளுவது அல்லது கைப்பிடி போடுவது என்ற இரு வழக்கங்களும் தொடர்ந்தன. அம்பாசடரின் முன்புறத்தில் கைப்பிடிக்கென ஒரு துளை விட்டிருந்தது அலங்காரத்துக்கன்று.

அந்த அம்பாசடரின் குலத்தையும் சிறிது சொல்ல வேண்டும். 1942-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், குஜராத்தின் ஓகா துறைமுகத்திலிருந்து 1948-இல் வங்காளத்து உத்தர்பாராவுக்கு இடம் மாறிற்று. இங்கிலாந்தின் மாரிஸ் வண்டிகளைப் பின்பற்றி ஹிந்துஸ்தான் 10, ஹிந்துஸ்தான் 14, லேண்ட்மாஸ்டர் என்று வரிசையாக வந்தபின், மாரிஸ் ஆக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசையைத் தழுவிய அம்பாசடர் 1950-களின் கடைசியில் வந்தது. 2014-இல் அதன் உற்பத்தி நின்றது. பம்பாயில் பிரீமியர் நிறுவனம் ஃபியட் வண்டியையும், சென்னைக்கருகே வண்டலூரில் ஸ்டாண்டர்ட் நிறுவனம் தன் வண்டிகளையும் செய்தன. முழு வண்டி செய்ய மூன்று ஊர்கள் போதுமாயிருக்கலாம்; அதைக் கிளப்பும் உறுப்புகள் வேறு ஊர்களிலிருந்து வந்தன. பெங்களூரில் 1951-இல் நிறுவப்பட்ட மைக்கோ தொழிற்சாலை பிளக்குகளைச் செய்தது. சென்னையை அடுத்த பாடியில் 1961-இல் ஏற்பட்ட லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை ஸ்டார்ட்டரும் டைனமோவும் டிஸ்ட்ரிபியூட்டரும் செய்தது. வேலை தேடி வடக்கே வந்த தமிழர்களுக்கு முன்னும் பின்னுமாகத் தமிழ்நாட்டுச் செல்ப்களும் வந்து, குளிர்காலத்தில் டில்லி வண்டிகளைக் கிளப்பிக்கொண்டிருந்தன.

இதற்குள் மெக்கானிக் வந்துவிட்டார். எழுபதைக் கடந்த வயது, கம்பளித் தொப்பி, கையில் ஒரு சிறு பை. உடன் வந்த இளைஞர்கள் அவரை ‘உஸ்தாத்’ என்று அழைத்தனர். இக்காலத்து வண்டிகளில் ஒரு கருவியைச் செருகினால் குறையின் எண்ணை அது எழுதிக் காட்டிவிடும். இந்த வண்டியிலோ செருகுவதற்கு இடமே இல்லை. நாம் எதிர்பார்த்ததுபோல் அவர் மூடியைத் திறந்ததும் கையை விடவில்லை. நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லும்படி கேட்டார். விளக்கு மங்கவில்லை என்றோம். தலையை ஆட்டினார். கைப்பிடியால் இருபது முறை சுழற்றியும் கிளம்பவில்லை என்றோம்.

"அப்படியானால் குறை ஒன்றல்ல, இரண்டு" என்றார்.

அவர் விளக்கியதை நம் மொழியில் சொல்கிறோம். ஸ்டார்ட்டர் மட்டும் கெட்டிருந்தால், அதன் வேலையைக் கைப்பிடி செய்தபோது இயந்திரம் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லையாதலால் பொறியிலோ பெட்ரோலிலோ தனியாக ஒரு குறை உண்டு. விளக்கு மங்காததன் பொருளை நாம் பாதிதான் அறிந்தோம். நல்ல ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அப்போது விளக்கு மங்கியே தீர வேண்டும். மங்காவிட்டால் பாட்டரியிலிருந்து அம்மின்சாரம் புறப்படவே இல்லை. எங்கோ வழி அடைபட்டிருக்கிறது.

நண்பரை மீண்டும் ஒருமுறை ஸ்டார்ட்டரை இயக்கச் சொல்லிவிட்டு, உஸ்தாத் சோக் கம்பியின் மேல் இரண்டு விரல்களை வைத்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார். நம்மையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கம்பி சுட்டது.

பாட்டரியின் ஒரு முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். ஸ்டார்ட்டரோ இயந்திரத்தில் பொருத்தப்பட்டது. இயந்திரம் அதிராமலிருக்க ரப்பர்த் துண்டுகளின் மேல் அமர்ந்திருப்பதால், அதற்கும் உடலுக்கும் இடையே மின்சாரம் செல்லப் பின்னிய செம்புப் பட்டை ஒன்று தேவை. அது பயன்படாவிட்டால் ஸ்டார்ட்டரின் மின்சாரம் வேறு வழி தேடும். உலோகத்தாலான சோக் கம்பியும் ஆக்ஸிலரேட்டர் கம்பியுமே எஞ்சிய பாதை. அவ்வளவு மெல்லிய வழியில் அவ்வளவு மின்சாரம் போக முடியாது. போக முயன்று சூடேறும். விளக்குகள் உடலிலேயே இணைந்திருப்பவையாதலால் அவற்றுக்கு இத்துன்பம் எதுவுமில்லை.

செம்புப் பட்டை இருந்தது, புத்தம் புதியது. ஆனால் அது முடுக்கப்பட்டிருந்த இடத்தில் உடலின்மேல் அழகான புது வண்ணம் பூசப்பட்டிருந்தது. வண்ணம் மின்சாரத்தைக் கடத்தாது. போல்ட்டின் புரிகள் வழியாக ஏதோ சிறிது தொடர்பு இருந்ததால் பட்டறையிலிருந்து வந்த நாளில் வண்டி கிளம்பியிருக்க வேண்டும். ஒரு மழைக்காலத்துத் துரு அதையும் அடைத்துவிட்டது. பழைய வண்டி பழையதாக இருந்தவரையில் இந்தக் குறை அதற்கு வந்திராது. புதுப்பித்தவர்கள் நன்றாகப் புதுப்பித்ததாலேயே வந்தது. உஸ்தாத் பட்டையைக் கழற்றி, உப்புத்தாளால் தகடு பளபளக்கும் வரை தேய்த்து, மறுபடியும் முடுக்கினார். ஸ்டார்ட்டர் உடனே இயந்திரத்தைச் சுழற்றிற்று. விளக்கும் முறையாக மங்கிற்று.

இயந்திரம் சுழன்றதே தவிர வெடிக்கவில்லை. பிளக்கைக் கழற்றித் தகட்டின்மேல் வைத்துச் சுழற்றிப் பார்த்தார், பொறியில்லை. டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தார். உள்ளே பாயிண்ட் எனப்படும் இரு சிறு முனைகள் ஒவ்வொரு வெடிக்கும் ஒருமுறை சேர்ந்து பிரியும். பிரியும் கணத்தில்தான் காயில் பொறியை உண்டாக்குகிறது. எட்டு மாதம் அசையாமல் நின்றமையால் அவற்றின்மேல் மங்கலான படலம் படிந்திருந்தது. மெல்லிய தாளால் துடைத்து, இடைவெளியைச் சரிபார்க்க நண்பரிடம் ஒரு விசிட்டிங் கார்டைக் கேட்டு வாங்கினார். இடைவெளி 0.4 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். சாதாரணக் கார்டின் கனம் ஏறக்குறைய அவ்வளவே. நண்பரின் பழைய உத்தியோகப் பெயர் அச்சிட்ட அந்தக் கார்டு ஓய்வுக்குப்பின் பயன்பட்ட முதல் தடவை அதுவாக இருக்கலாம்.

பெட்ரோலையும் அவர் நம்பவில்லை. 2023-இல் தொடங்கி 2025 அளவில் நாடெங்கும் பரவிய இருபது சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பர்க் குழாய்களை இளகச் செய்யும். கார்புரேட்டரின் கிண்ணத்திலிருந்து வடித்த பழைய பெட்ரோலை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். அடியில் தண்ணீர்த் துளிகள் உருண்டன.

நிற்பதே இவ்வண்டிகளுக்கு நோயாகிறது. மத்திய சர்க்கார் 2021-இல் வெளியிட்ட விதிகளின்படி, ஐம்பது ஆண்டு கடந்து, பெரிய மாறுதலின்றிக் காக்கப்பட்ட வண்டிகள் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் கொண்ட தனி எண்ணைப் பெறலாம். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். காலம் 10 ஆண்டு. ஆனால் கண்காட்சி, ஆராய்ச்சி, அணிவகுப்பு, பெட்ரோல் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கன்றி அன்றாடம் ஓட்டலாகாது. நண்பரின் வண்டி இத்தகைய எண்ணைப் பெற்றது. பழையனவற்றைக் காக்க விதி செய்ததை நாம் பாராட்டுகிறோம்; வாரம் ஒருமுறை காய்கறி வாங்கப் போய்வர இடமளித்திருந்தால் அவ்வண்டிகளின் பாயிண்டுகளும் பாராட்டியிருக்கும்.

ஒன்பதரை மணிக்கு இயந்திரம் ஒருமுறை செருமிற்று, இருமுறை செருமிற்று, பின்பு நிலையாக ஓடத் தொடங்கியது. அன்னையார் இவ்வளவு நேரமும் முன்னிருக்கையைவிட்டு இறங்கவில்லை. அணிவகுப்பு எட்டரைக்கே புறப்பட்டுவிட்டது. அதற்காக யாரும் வருந்தியதாகத் தெரியவில்லை.

உஸ்தாத் பையை மூடிக்கொண்டு, ஆட்டோவுக்குச் சொல்லும்படி இளைஞரிடம் கூறினார். நண்பர் சம்மதிக்கவில்லை, பின்கதவைத் திறந்து அவரை ஏற்றிக்கொண்டார். நாமும் ஏறினோம். அன்னையார் ரிட்ஜ் சாலை வழியாகப் போகச் சொன்னார்; தந்தையார் அவ்வழியாகவே கரோல்பாகுக்குப் போவது வழக்கமாம். மெக்கானிக்கை வீட்டில் கொண்டுபோய் விடுவது ‘பராமரிப்பு’ என்ற சொல்லில் அடங்குமா அடங்காதா என்பதை, விதிகளை மொழிபெயர்ப்பதே தொழிலாகக் கொண்ட நம்மிடம் நண்பர் வழியில் கேட்டார். அடங்கும் என்றோம்.